நாற்புள்ளிச் சரிபார்ப்பு

முதல்லயே சொல்லிருதேன், எனக்கு மெஷின் மேல கோபமே கிடையாது. அது பாட்டுக்குச் சொன்னதைச் செய்யுது. என் கோபமெல்லாம் விதி எழுதுன புண்ணியவான்கள் மேலயும் என் மேலயும்தான். இதுல ரெண்டாவது கோபம் இன்னும் ஆறல.

அன்னைக்குக் காலையில எட்டேகாலுக்கு முத்துப்பேச்சி போன் பண்ணினா. நான் விளாத்திகுளத்துல ஒரு வீட்ல இருந்தேன்.

"சிஸ்டர், மெஷின் தொறக்க மாட்டேங்குது."

"கையுறைய ஒழுங்காப் போட்டியா?"

"போட்டுருக்கேன் சிஸ்டர். நிலை ஒன்று நிறைவேறவில்லை, நிலை ஒன்று நிறைவேறவில்லைன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்கு. அண்ணாச்சிக்குச் சளி கொரகொரங்குது."

அண்ணாச்சின்னு அவ சொன்னது இசக்கிராஜை. லாரி ஓட்டுன மனுஷன், நாப்பத்தி நாலு வயசு. வண்டி கவுந்து கழுத்து ஒடிஞ்சதுல கழுத்துக்குக் கீழ ஒண்ணும் அசையாது. தொண்டையில ஓட்டை போட்டுக் குழாய் வெச்சிருக்கு, அது வழியாத்தான் மூச்சு. குழாய்ல சளி சேந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா சக்‌ஷன் மெஷின் வெச்சு உறிஞ்சி எடுக்கணும். எடுக்கலேன்னா ஒரு மணி நேரம் தாங்குவாரு. அதுக்கு மேல சொல்ல முடியாது.

"ஜுலைகாவைக் கூப்பிடு," ன்னேன். ஜுலைகா ராத்திரி ஷிப்ட் பாக்குறவ, அடுத்த தெருவுலதான் வீடு.

"வந்து நிக்கா சிஸ்டர். அவ கையுறை ஆறு மணிக்கே பூட்டிருச்சு. பன்னெண்டு மணி நேரம் முடிஞ்சிருச்சுல்லா."

"ஒருச்சாச்சுப் படுக்க வெச்சு முதுகத் தட்டிக்கிட்டே இருங்க. வாரேன்."

முத்துப்பேச்சி இருக்குற வைப்பாறு வீடு அங்க இருந்து இருபது கிலோமீட்டருக்குக் கொறையாது. ஸ்கூட்டரை எடுத்துட்டேன். போற வழியெல்லாம் இந்த விதியெல்லாம் எழுதுன வாரியத்தை வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டே போனேன். ரோட்ல எவனும் கேட்டிருந்தா, வெள்ளைச் சட்டை போட்ட நர்ஸம்மாவுக்கு மண்டை கழண்டுருச்சுன்னு நெனச்சிருப்பான்.

நான் ஜெசிந்தா. சமூக நர்ஸ். பதினொரு பராமரிப்பு வீடு என் பொறுப்புல. ஆஸ்பத்திரியில வெச்சுக்கவும் மாட்டாங்க, சொந்த வீட்ல பாக்கவும் ஆள் இல்லை, அப்படிப்பட்டவங்களைத் தெருவுக்குள்ள ஒரு வீட்டை எடுத்து மூணு நாலு பேரா வெச்சுப் பாக்குற திட்டம். வீட்டுக்கு ஒருத்தராவது தொண்டைக் குழாய்க்காரங்க இருப்பாங்க. பகலுக்கு ஒரு உதவியாளர், ராத்திரிக்கு ஒரு உதவியாளர். ஆக இருபத்திரெண்டு பொம்பளைங்க. நான் ஒருத்தி.

நான் ஒருத்தியே ரெண்டு மணிக்கு ஒருக்கா பதினொரு வீட்டுக்கும் ஓட முடியாதுல்லா. அதனால என் வேலையை நான் அவங்க கிட்ட ஒப்படைக்கலாம்னு விதி. ஆனா ஒப்படைச்ச வேலைக்குப் பொறுப்பு நான்தான். அவ கை தவறுனா என் லைசென்ஸ் போகும். முன்னெல்லாம் இது வெறும் கையெழுத்து. இப்போ வாரியம் கையுறை கொண்டு வந்துருச்சு. நான் ஒருக்கா அந்தக் கையுறையைப் போட்டு சக்‌ஷன் செஞ்சு காட்டணும். என் கை எப்படிப் போச்சு, எங்க நின்னுச்சு, எத்தனை செகண்டு, அவ்வளவும் பதிவாயிரும். அதுக்கப்புறம் உதவியாளர் கை என் கை மாதிரியே அசைஞ்சாத்தான் மெஷின் தொறக்கும். இல்லேன்னா பூட்டு. பழைய மெஷின் ஒண்ணு விடாம வாரியம் அள்ளிக்கிட்டுப் போயிருச்சு.

வீட்டுக்குள்ள நுழையும்போது மணி எட்டு அம்பது. இசக்கிராஜ் உதடு கறுத்துக் கெடந்தாரு. ஜுலைகா முட்டி போட்டு உக்காந்து முதுகத் தட்டிக்கிட்டு இருந்தா, அவ துப்பட்டா வேர்வையில நனைஞ்சு கழுத்தோட ஒட்டிக்கெடந்துச்சு. முத்துப்பேச்சி ஒரு ஓரமா நின்னா. அவ வலது கை கழுத்துல இருந்து தூளி கட்டித் தொங்குது.

நான் என் கையுறையை மாட்டினேன், மெஷின் தொறந்துச்சு, உறிஞ்சி எடுத்தேன். மூணு தடவை. மனுஷன் கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தாரு. அதுக்கப்புறம்தான் எனக்கே மூச்சு வந்துச்சு.

"இப்ப சொல்லு. கைக்கு என்ன?"

"நேத்து சாயங்காலம் பஸ்ல இருந்து எறங்கும்போது வழுக்கிட்டேன் சிஸ்டர். தோள்பட்டை எறங்கிருச்சு. பெரியாஸ்பத்திரியில ஏத்திக் கட்டி விட்டாங்க. மூணு வாரத்துக்குக் கைய மேல தூக்கப்படாதுன்னாங்க."

"ஏன்டி, அதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வெரலு நல்லாத்தான் அசையுது. முழங்கைக்குக் கீழ ஒரு வலியும் இல்லை. சக்‌ஷனுக்கு அது போதும்லான்னு வந்துட்டேன். நான் வரலேன்னா இங்க யாரு இருக்கா?"

அவ சொன்னது ஞாயம்தான். குழாய் போட்டு உறிஞ்சுறதுக்கு மணிக்கட்டும் விரலும் போதும்.

"அப்புறம் என்ன கேடு? ஏன் தொறக்கல?"

"முதல் நிலைதான் சிஸ்டர் வர மாட்டேங்குது. கை மேல போவணும்லா."

"முதல் நிலைக்குக் கை எதுக்கு மேல போகணும்?"

அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. "நாற்புள்ளிச் சரிபார்ப்பு சிஸ்டர். நீங்க செஞ்சு காட்டுனதுதான்." நல்லா இருக்குற இடது கையால செஞ்சு காட்டினா. நெத்தி, நெஞ்சு, ஒரு தோள், இன்னொரு தோள்.

அவ செஞ்ச மாதிரியே நானும் என் கைய மெதுவாக் கொண்டு போய்ப் பாத்தேன்.

எட்டு மாசத்துக்கு முன்னால வாரியத்து ஆபீஸ்ல கையுறையைப் போட்டு நான் செஞ்சு காட்டினேன். பதினெட்டு வயசுல நர்சிங் ஸ்கூல்ல சேந்த நாள்ல இருந்து நோயாளி மேல கை வைக்கதுக்கு முன்னால ஒரு சிலுவை போடுவேன். போடுறேன்னு எனக்கே தெரியாது, கண்ணை மூடித் தொறக்குற மாதிரிதான். அன்னைக்கும் போட்டிருக்கேன். பதிவு எடுத்த பசங்களுக்கு அது என்னன்னு புரியல போல. புரிஞ்சாலும் கேக்கல. விதிப் புத்தகத்துல ‘நிலை ஒன்று: நாற்புள்ளிச் சரிபார்ப்பு'ன்னு அச்சடிச்சுட்டாங்க. அதைப் படிச்ச நான், கையுறை தன்னைத்தானே ஏதோ சரிபாத்துக்குது போலன்னு விட்டுட்டேன். ஆக இருபத்திரெண்டு பொம்பளைங்களும் எட்டு மாசமா ரெண்டு மணிக்கு ஒருக்கா சிலுவை போட்டுத்தான் மெஷினைத் தொறந்துக்கிட்டு இருக்காங்க.

"இது என்னன்னு உனக்குத் தெரியுமாட்டி?"

"கை அளவு எடுக்குதுன்னு நெனச்சேன் சிஸ்டர். தையக்காரன் தோளுக்கு டேப்பு வைப்பான்ல, அது மாதிரி."

"அது சிலுவைட்டி."

"சிலுவையா?" முத்துப்பேச்சி வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. "நல்ல கூத்து. எங்க இசக்கியம்மன் கோவிச்சுக்கிட்டுத்தான் பஸ்ல இருந்து தள்ளி விட்டாளோ என்னமோ."

எனக்கும் சிரிப்பு வந்துச்சு. ஜுலைகாவைப் பாத்தேன். அவ சிரிக்கல. கையுறையைக் கழட்டி மடிச்சு வெச்சுக்கிட்டே, "எனக்குத் தெரியும் சிஸ்டர்,"ன்னா.

"எப்போ இருந்து?"

"முதல் நாள்ல இருந்தே. எங்க தெருவுக்கு எதிர்த்தாப்புல சர்ச்சுதானே."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுல ஒண்ணு கூட மாத்த மாட்டேன்னு எழுதி வாங்குனீங்களே. அதுவும் போக நீங்க பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க. மூணு தடவை செய்யச் சொல்லி மூணு தடவையும் தலையாட்டுனீங்க. நீங்களா ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு நெனச்சேன்."

உண்மைதான். ஒப்படைக்கதுக்கு முன்னால மூணு தடவை நேர்ல நின்னு பாக்கணும். பாத்தேன். துப்பட்டாவை மூடிக்கிட்டு நிக்கிற ஜுலைகா சிலுவை போட்டதை நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன். என் கண்ணுக்கு அது தப்பாத் தெரியல. பொறந்ததுல இருந்து சுத்தி எல்லாரும் செஞ்சு பாத்த ஒண்ணு எப்படித் தப்பாத் தெரியும்? பிள்ளைங்க பயபக்தியா வேலைய ஆரம்பிக்குதேன்னு சந்தோஷம் வேற பட்டிருக்கேன். என் கன்னத்துல நானே போட்டுக்கணும் போல இருந்துச்சு.

வாரியத்துக்குப் போன் போட்டேன். நாப்பது நிமிஷம் பாட்டுக் கேட்டப்புறம் தணிகைவேல்னு ஒரு அதிகாரி எடுத்தாரு. நல்ல பிள்ளை, குரல் உசத்திப் பேசாத பிள்ளை. அதுதான் எனக்கு எரிச்சல்.

"முதல் நிலையை மட்டும் எடுத்து விடுங்க சார். அதுக்கும் சக்‌ஷனுக்கும் சம்பந்தமே இல்லை."

"பதிவுல ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடியாது மேடம். பதிவு முழுசாத்தான் செல்லும், இல்லேன்னா முழுசாச் செல்லாது."

"சரி, இந்தப் பிள்ளைக்கு மட்டும் விலக்குக் குடுங்க."

"மதக் காரணம்னா விலக்கு உண்டு மேடம். விண்ணப்பிச்சா இருபத்தோரு நாள்ல வந்துரும்."

"மதமும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை சார். அவளுக்குத் தோள்பட்டை எறங்கிருச்சு."

"ஓ. அப்படின்னா அது உடல்தகுதிக் குறைவு. எழுத்துல குடுத்தீங்கன்னா அவங்க ஒப்படைப்பு தானா ரத்தாயிடும்."

"வேற ஆளு போட?"

"போடலாமே. நீங்க மூணு தடவை நேர்ல பாக்கணும், ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல ரெண்டு நாள் இடைவெளி விடணும்."

"அதுவரைக்கும் இவர் மூச்சு விடாம இருப்பாரா?"

"அந்த மாதிரி நேரத்துல நோயாளியை ஆஸ்பத்திரிக்கு மாத்தலாம்னு விதி ஒன்பதுல இருக்கு மேடம்."

ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். இசக்கிராஜுக்குப் பேச்சு வராது, உதட்டை அசைப்பாரு. ‘வேண்டாம்'னு அசைச்சாரு. போன வருஷம் பத்து நாள் ஆஸ்பத்திரியில கெடந்துட்டு, கையகலப் படுக்கைப் புண்ணோட வந்தாரு. அது ஆற அஞ்சு மாசமாச்சு. அஞ்சு மாசமும் அதுக்கு மருந்து வெச்சவ முத்துப்பேச்சி.

"வேற வழியே இல்லையா சார்?"

போன்ல அவர் பேனாவைத் தட்டுற சத்தம் கேட்டுச்சு. "ஒண்ணு இருக்கு. உங்க பதிவு தப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்டா, அவசர மறுபதிவு செய்யலாம். அங்கேயே, அந்த நோயாளிக்கே. நான் வீடியோவுல சாட்சியா இருப்பேன். அந்த வீட்டுக்கு உடனே செல்லும். மத்த பத்து வீட்டுக்கும் ஆறு மணி ஷிப்ட்ல மாறிடும்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"மூணு வாய்ப்புத்தான் மேடம். மூணுலயும் தேவையில்லாத அசைவு ஏதாவது வந்துச்சுன்னா, உங்க கை நம்பகமில்லைன்னு ஆயிடும். நீங்க ஒப்படைச்ச இருபத்திரெண்டும் தொண்ணூறு நாளைக்கு ரத்து. பதினொரு வீட்லயும். அதான் யோசிச்சேன்."

பதினொரு வீட்டுக்காரங்க மூச்சு என் வலது கையில. செய்யலேன்னா இந்த ஒருத்தர் மூச்சு. நான் ரொம்ப யோசிக்கல, சொல்லப்போனா. சிலுவை போடாம இருக்குறதுல என்ன பிரமாதம்?

பதினொன்னரைக்கு முதல் வாய்ப்பு. போனை அலமாரியில சாச்சு வெச்சோம். கையுறையை மாட்டினேன். ‘போடக் கூடாது, போடக் கூடாது'ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். சொல்லிக்கிட்டே இருக்கும்போது கை நெத்தியத் தொட்டு நெஞ்சுக்கு வந்துருச்சு.

"தேவையற்ற அசைவு,"ன்னுச்சு கையுறை. பழைய பதிவு இன்னும் இருந்ததால அதை வெச்சே சளியை எடுத்து முடிச்சேன்.

ஒரு மணிக்கு ரெண்டாவது. இந்தத் தடவை பல்லைக் கடிச்சுக்கிட்டு, கண்ணைக் கை மேலயே வெச்சுக்கிட்டு, நெத்திக்குப் போக விடல. நேராக் குழாய்கிட்ட கொண்டு போனேன். நல்லாத்தான் போச்சு. இசக்கிராஜ் திடீர்னு இருமினாரு. அவ்வளவுதான், பதறுன நேரத்துல கை தன் வழியப் பாத்துப் போயிருச்சு.

"தேவையற்ற அசைவு."

நான் முற்றத்துல போய் உக்காந்து அழுதேன். கோபத்துல அழுகை வரும்ல, அந்த அழுகை. ஜெபம் பண்ணணும் போல இருந்துச்சு, அதுக்கும் கையத்தானே தூக்கணும்னு இன்னும் கோபம் வந்துச்சு.

முத்துப்பேச்சி பின்னாலயே வந்தா. "சிஸ்டர், என் தூளியக் கழட்டித் தாரேன். கையக் கட்டிக்கிட்டுச் செய்ங்க. என்னால தூக்க முடியலேல்ல, உங்களாலயும் முடியாது."

"விதியில அப்படி இருக்கா?"

"கட்டக் கூடாதுன்னு இருக்கா?"

கேட்டேன். தணிகைவேல் புத்தகத்தைப் புரட்டிப் பாத்துட்டு, அப்படி எதுவும் இல்லைன்னாரு. மூணு மணிக்கு முழங்கையை இடுப்போட சேத்து இறுக்கிக் கட்டிக்கிட்டு உக்காந்தேன். கை ரெண்டு தடவை துள்ளுச்சு, கட்டு விடல. மணிக்கட்டாலயும் விரலாலயுமே முழு சக்‌ஷனும் செஞ்சு முடிச்சேன். ‘பதிவு ஏற்கப்பட்டது'ன்னு கையுறை சொன்னதும் ஜுலைகா என் கட்டை அவுத்து விட்டா. முத்துப்பேச்சி மூக்கச் சிந்தினா.

"எல்லாருக்கும் தகவல் அனுப்பிடுறேன் மேடம். முதல் நிலை நீக்கப்பட்டதுன்னு,"ன்னாரு தணிகைவேல்.

அஞ்சு மணிக்கு முத்துப்பேச்சியே, தூளிக் கையோட, தானா மெஷினைத் தொறந்து சக்‌ஷன் செஞ்சா. எவ்வளவு அழகாச் செஞ்சா தெரியுமா. ஆனா குழாய் உள்ள போகும்போது இசக்கிராஜ் கழுத்தை இறுக்கிக்கிட்டாரு, கண்ணுல பயம். உதட்டை அசைச்சாரு.

"நெத்தியத் தொடலையேன்னு கேக்காங்க," ன்னா முத்துப்பேச்சி. "அதைப் பாத்தாத்தான் குழாய் வரப்போவுதுன்னு அண்ணாச்சிக்குத் தெரியும். அப்பத்தான் தொண்டையத் தளத்துவாங்க."

அப்பவே எனக்கு ஒறைச்சிருக்கணும். எட்டு மாசம் பாத்துக்கிட்டு மட்டும் கெடந்த மனுஷனுக்கே இப்படின்னா, செஞ்சுக்கிட்டு இருந்தவளுங்க கதி என்னன்னு. நான் இருந்த சந்தோஷத்துல அதை யோசிக்கல. ஸ்கூட்டர் சாவியைக் கூடக் கையில எடுத்துட்டேன். ஜுலைகா ஆறு மணிக்கு எப்படிச் செய்யுதான்னு ஒருக்கா பாத்துட்டுப் போவோமேன்னுதான் நின்னேன்.

ஆறு மணி அடிச்சதும் முத்துப்பேச்சி கையுறை பூட்டிருச்சு, அவளோட பன்னெண்டு மணி நேரம் முடிஞ்சுது. ஆறே முக்காலுக்குச் சளி சேந்துச்சு. ஜுலைகா கையுறையை மாட்டிக்கிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்துல வந்தா. "முதல் நிலை கிடையாது, ஞாபகம் வெச்சுக்கோ,"ன்னேன். தலையாட்டினா.

கை நெத்திக்குப் போச்சு.

"தேவையற்ற அசைவு."

அவ மொகம் வெளுத்துருச்சு. மறுபடி செஞ்சா. மறுபடியும் போச்சு. நான் என் கையுறையை மாட்டிக்கிட்டு அவளைத் தள்ளிட்டு உக்காந்தேன். என் கையும் போச்சு. பின்ன எங்க போகும்? முப்பத்தி நாலு வருஷப் பழக்கம். இசக்கிராஜ் தொண்டையில கொரகொரன்னு சத்தம் ஏறிக்கிட்டே இருக்கு.

"தூளியக் குடு, பேச்சி," ன்னு நான் கேக்குறதுக்குள்ள ஜுலைகா தோள்ல இருந்து துப்பட்டாவை எடுத்தா. ஒரு நுனியப் பல்லுல கடிச்சுக்கிட்டு, முழங்கைக்கு மேல ஒரு சுத்து, இடுப்பைச் சுத்தி ஒரு சுத்து, இடது கையாலயே முடிச்சு. அஞ்சு செகண்டு ஆகல. கட்டிக்கிட்டுக் கட்டில்ல குனிஞ்சா. இசக்கிராஜ் கண்ணைப் பாத்து, "குழாய் வருது அண்ணே,"ன்னு மெதுவாச் சொன்னா. மெஷின் தொறந்துச்சு.

கொரகொரப்புச் சத்தம் அடங்குச்சு.

"ஒத்தக் கையால எப்படிட்டி இவ்வளவு சுளுவாக் கட்டுத?" ன்னேன். மூணு மணிக்கு என் கையக் கட்ட முத்துப்பேச்சியும் அவளும் சேந்து பத்து நிமிஷம் போராடினாங்க. அப்போ இவ ஒண்ணும் காட்டிக்கல.

ஜுலைகா முடிச்சை அவுக்கல. என்னைப் பாக்காம, இசக்கிராஜ் வாயோரத்தைத் துடைச்சுக்கிட்டே சொன்னா. "தொழுது முடிச்சுத் துஆ கேக்கணும்ல சிஸ்டர். கைய ஏந்துனா அது பாட்டுக்கு நெத்திக்குப் போயிருது. ரெண்டு மாசமா இப்படித்தான். பிள்ளைங்க பாத்துட்டுச் சிரிக்குதுங்கன்னு உள் ரூம்ல போய்க் கட்டிக்கிட்டுக் கேக்கேன்."

எனக்கு மன்னிச்சிருன்னு சொல்ல வந்துச்சு. அவ்வளவு சின்ன வார்த்தைய அவகிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு. இருபத்திரெண்டு பேருக்கு என் வேலையை ஒப்படைச்சேன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். என் பிரார்த்தனையையும் சேத்து அவங்க கையில திணிச்சிருக்கேன். இவ பிரார்த்தனைய எடுத்துக்கிட்டுல்ல திணிச்சிருக்கேன்.

போன் அடிச்சுது. சூரங்குடி வீட்ல இருந்து. "சிஸ்டர், மெஷின் தொறக்க மாட்டேங்குது. கை தானாப் போவுது, நிறுத்த முடியல." அவளுக்குப் பதில் சொல்லதுக்குள்ள அடுத்த லைன்ல எட்டையபுரத்து வீடு. அப்புறம் இன்னொண்ணு. பத்து வீட்லயும் ஆறு மணி ஷிப்டு அப்பத்தான் முதல் சக்‌ஷனுக்கு உக்காந்திருக்கு.

"துப்பட்டாவ எடு," ன்னேன். "முழங்கைய... இரு, முதல்ல இடுப்புல..." எனக்குச் சொல்லத் தெரியல. என் கையே இன்னொருத்தி கட்டி விட்டதுதான். அந்தப் பக்கம் யாருக்கோ கொரகொரங்குற சத்தம் போன்லயே கேக்குது.

ஜுலைகா கைய நீட்டினா. "இங்க குடுங்க."

ஒப்படைப்பு வாங்குன உதவியாளர் இன்னொரு உதவியாளருக்குச் சொல்லிக் குடுக்கவே கூடாது. விதிப் புத்தகத்துல சிவப்பு எழுத்துல இருக்கு. கண்டுபிடிச்சா ரெண்டு பேரையும் எடுத்துருவாங்க, கூட நின்ன நர்ஸோட லைசென்ஸும் போயிரும். போனெல்லாம் பதிவாகுது வேற. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

போனை அவ கையில குடுத்தேன்.

"பதறாதீங்க," ன்னா ஜுலைகா. "ஒரு நுனியப் பல்லுல கடிச்சுக்கோங்க. கடிச்சிட்டீங்களா? இப்ப முழங்கைக்கு மேல ஒரு சுத்து."